நகரமன்றம் இருக்கும்போது பிளானிங் கமிஷன் எதற்கு?

நண்பர் ஒருவர் கேட்டார்: “அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றம் இருக்கிறது. நகரத் திட்டமிடல் படித்த அதிகாரிகள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நடுவில் ஏழு சாதாரண ஆட்கள் மாதம் இரண்டு முறை உட்கார்ந்து, இங்கே கடை வரலாம், அங்கே அடுக்குமாடி வரக்கூடாது என்று ஓட்டுப் போடுகிறார்கள். இந்த பிளானிங் கமிஷனால் நிஜமாகவே என்ன பயன்?”

கலிஃபோர்னியாவில் ஒரு நடுத்தர நகரத்தின் கமிஷனில் எட்டு வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பயன் இருக்கிறது, பெரிய பயன். ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. கமிஷனர்கள் அதிகாரிகளைவிட விவரம் தெரிந்தவர்கள் கிடையாது. நகரமன்றத்தைவிட அதிகாரம் உள்ளவர்களும் கிடையாது. ஒரு நிலத்தில் என்ன வரலாம், ஏன் வரலாம் என்பதை ஊரார் முன்னால் வாய்விட்டுச் சொல்லி, எழுத்தில் வைத்து, அதற்குப் பொறுப்பேற்கும் இடம் அது. அந்தக் காரணம் சொல்லும் வேலையை ஒழுங்காகச் செய்கிற கமிஷன் ஊரைக் காப்பாற்றுகிறது. செய்யாத கமிஷனால் வீண் தாமதம்தான்.

முதலில் ஒரு மாலையைச் சொல்கிறேன். ஒரு முனை மனையில் காபிக் கடை வருவதாக இருந்தது. காரில் இருந்தபடியே வாங்கிக்கொண்டு போகும் டிரைவ்-த்ரூ. அந்த வகைக் கடைக்கு எங்கள் ஊரில் தனி அனுமதி வேண்டும், அதைக் கமிஷன்தான் தர வேண்டும். திட்டத் துறை அதிகாரிகள் நல்ல அறிக்கை கொடுத்திருந்தார்கள். கார் வரிசை சாலைக்கு வந்து நிற்காது என்று போக்குவரத்துப் பொறியாளர் கணக்குப் போட்டிருந்தார். பின்பக்க வீடுகளுக்கும் கடைக்கும் நடுவே செடி வேலி. ஒப்புதல் தரலாம் என்பது பரிந்துரை.

பேச வந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். அவர் பேசவே இல்லை என்று சொல்லலாம். கைபேசியில் இருந்த ஒரு படத்தைத் திரையில் போடச் சொன்னார். முந்தின நாள் இரவு, கடையின் கார் வரிசை எங்கே திரும்புமோ அந்த இடத்தில் தன் காரை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்கையறையைப் படம் எடுத்திருந்தார். பேரன் தூங்கும் தொட்டிலுக்கு மேலே சுவர் முழுக்க வெளிச்சம். “இப்படித்தான் இருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்களில் ஒருவர் தோட்ட வேலை காண்ட்ராக்டர். வரைபடத்தில் மட்டக் குறிகளைப் பார்த்துவிட்டு, கடை மனை வீட்டு மனைகளைவிட உயரமாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். காகிதத்தில் செடி வேலி போதும். அந்த உயரத்தில் ஹெட்லைட் வேலிக்கு மேலாகத்தான் போகும். அறிக்கையில் யாரும் பொய் எழுதவில்லை. அந்த ஒரு விஷயத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைக்காரர் தரப்புக் கட்டடக் கலைஞர் பத்து நிமிஷம் இடைவேளை கேட்டார். கூடத்தின் பின்வரிசையில் வரைபடத்தை விரித்து, அந்த அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் திருத்தினார். திருப்பம் சற்றுத் தள்ளிப்போனது. வேலி இருந்த இடத்தில் மதில் சுவர் வந்தது. ஆர்டர் வாங்கும் ஒலிபெருக்கி சாலைப் பக்கம் திரும்பியது. ஆறுக்கு ஒன்று என்று அனுமதி நிறைவேறியது. அதை எதிர்த்து யாரும் நகரமன்றத்துக்கு அப்பீல் போகவில்லை.

கடை வந்தது, அந்தக் குழந்தையும் தூங்கியது. இந்த வேலையை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி தனியாகச் செய்திருக்க முடியாது, அவரிடம் அந்தப் படம் போய்ச் சேர்ந்திருக்காது. நகரமன்றமும் செய்திருக்காது. பட்ஜெட், போலீஸ், குப்பை, சம்பள ஒப்பந்தம் என்று ஓர் இரவில் இருபது விஷயம் பார்க்கும் மன்றத்துக்கு ஒரு திருப்பத்தின் கோணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச நேரம் கிடையாது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் குணம் புரியும். அமெரிக்காவில் நகரத் திட்டத்துக்கென்று முதல் நிரந்தரக் கமிஷன் 1907-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் அமைந்தது. 1909-ல் சிகாகோவுக்கு டேனியல் பர்னமும் எட்வர்ட் பென்னட்டும் ஒரு பெருந்திட்டம் வரைந்தார்கள். செலவை ஏற்றது நகர அரசு இல்லை, ஊரின் வணிகர்கள் சங்கம். அதே வருஷம் மேயர் ஃப்ரெட் பஸ்ஸி 328 பேர் கொண்ட கமிஷனை நியமித்தார். 328 பேர் உட்கார்ந்து எதை முடிவு செய்ய முடியும்? அவர்களின் வேலை திட்டத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோவது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுப் போடும்போது திட்டம் அவர்களுக்குப் பழக்கமானதாக இருக்கும் என்ற கணக்கு.

அப்புறம் 1928-ல் அமெரிக்க வணிகத் துறை, மாநிலங்கள் எடுத்துப் பயன்படுத்த ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. கமிஷனுக்கு ஒன்பது உறுப்பினர்: மேயர், நிர்வாக அதிகாரி ஒருவர், மன்ற உறுப்பினர் ஒருவர், நியமிக்கப்படும் ஆறு குடிமக்கள். இந்த ஆறு பேருக்கும் பதவிக்காலம் ஆறு வருஷம், அதுவும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் முடியாது. வருஷத்துக்கு ஒருவர் மாறுவார். அதனால் ஒரே தேர்தலில் ஜெயித்த ஒரு மேயர் கமிஷனை முழுசாகத் தன் ஆட்களால் நிரப்ப முடியாது. அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் கட்சிக் கும்பல்கள் சாலை ஒப்பந்தத்தையும் நிலத்தையும் வைத்துப் பிழைத்த கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு எதிராகக் கட்டிய தடுப்பு இது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பிரிவு. திட்டம் ஏற்கப்பட்ட பிறகு நகரம் ஒரு சாலையோ பூங்காவோ பொதுக் கட்டடமோ அமைப்பதென்றால், அந்த இடத்தையும் அளவையும் முதலில் கமிஷனிடம் காட்ட வேண்டும். கமிஷன் மறுத்தால், நகரமன்றம் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடுதான் அதை மீற முடியும். அந்த ஓட்டும் பதிவாக வேண்டும். தடுத்து நிறுத்தும் அதிகாரம் இல்லை. நின்று, யோசித்து, பேர் சொல்லி ஓட்டுப் போட வைக்கும் அதிகாரம். இப்போது மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபட்டாலும், கமிஷன் என்ற யோசனையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இன்றைக்கு ஒரு கமிஷன் செய்யும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்தின் நீண்டகாலத் திட்டத்தை உருவாக்கி மன்றத்துக்குப் பரிந்துரைப்பது. எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் சோனிங் விதிகளிலும் வரைபடத்திலும் மாற்றம் வந்தால் விசாரணை நடத்திக் கருத்துச் சொல்வது. பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிப்பதைப் பரிசீலிப்பது. தனி அனுமதி, விதிவிலக்கு இவற்றை முடிவு செய்வது. இதில் சிலவற்றில் கமிஷன் சொல்வது வெறும் பரிந்துரை, சிலவற்றில் அதுவே முடிவு, அப்பீல் வந்தால்தான் மன்றத்துக்குப் போகும். நியூயார்க் மாதிரி பெரிய நகரத்தில் 13 உறுப்பினர், அதில் தலைவரையும் சேர்த்து ஏழு பேரை மேயர் நியமிக்கிறார். சின்ன ஊரில் ஐந்து பேர் இருப்பார்கள், கைக்கு வருவது பெட்ரோல் செலவுக்குக் காணும் தொகையாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் வெளியே தெரியாத, ஆனால் கனமான வேலை முதலாவதுதான். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு நகரமும் ஜெனரல் பிளான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நில உபயோகம், போக்குவரத்து, வீட்டு வசதி, இயற்கை வளப் பாதுகாப்பு, திறந்தவெளி, இரைச்சல், பாதுகாப்பு ஆகியவை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இருபது வருஷத்துக்குப் பிறகு ஊர் எப்படி இருக்கும் என்று எழுதும் ஆவணம் அது. மன்ற உறுப்பினருக்கு நான்கு வருஷத்தில் தேர்தல். அடுத்த மாதம் திறக்கப் போகும் கடையும் அதிலிருந்து வரும் விற்பனை வரியும் அவர் கண்ணில் படும், படத்தான் செய்யும், அவர்மேல் குற்றமில்லை. “நாமே எழுதிய திட்டத்தில் இந்தச் சாலையோரம் வீடுகள் என்று போட்டிருக்கிறோமே” என்று நினைவுபடுத்த யாராவது வேண்டும். எட்டு வருஷத்தில் நான் அதிகமுறை சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

சரி, காரணம் சொல்வது என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் டொப்பாங்கா பள்ளத்தாக்கில் 28 ஏக்கரில் மொபைல் ஹோம் பார்க், அதாவது நகர்த்தக்கூடிய வீடுகளுக்கான குடியிருப்பு, அமைக்க கவுண்டியின் திட்டக் கமிஷன் விதிவிலக்கு கொடுத்தது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1974-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ஏற்கவில்லை. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: கையில் இருக்கும் ஆதாரம் ஒரு கரை, எடுத்த முடிவு மறு கரை, நடுவில் எப்படிப் போனீர்கள் என்ற பாலத்தைக் காட்டுங்கள். அந்தப் பார்க் நல்லது, ஊருக்குத் தேவை என்றெல்லாம் பதிவில் இருந்தது. ஆனால் விதிவிலக்கு கேட்கும் நிலம் பக்கத்து நிலங்களிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது என்பதைக் காட்டும் விவரம் இல்லை. விதிவிலக்குக்கு அதுதானே அடிப்படைக் கேள்வி.

இன்னொரு வழக்கு 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஒரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரம். டோலன் குடும்பத்தின் குழாய், மின்சாமான் கடையைப் பெரிதாக்க வேண்டும். சரி என்ற கமிஷன் இரண்டு நிபந்தனை போட்டது: ஓடையை ஒட்டிய வெள்ளப்பகுதி நிலத்தையும், அதன் பக்கத்தில் நடைபாதை, சைக்கிள் பாதைக்காக 15 அடிப் பட்டையையும் நகரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஐந்துக்கு நான்கு என்று நகரம் தோற்றது. கேட்கும் நிலத்துக்கும் அந்தக் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் அளவில் ஏறக்குறைய பொருத்தம் இருக்க வேண்டும், அதைக் காட்ட வேண்டியது நகரம்தான் என்றது நீதிமன்றம். சைக்கிள் பாதை வந்தால் கார் நெரிசல் ஓரளவு ‘குறையக்கூடும்’ என்றுதான் நகரம் எழுதியிருந்தது. குறையக்கூடும் என்பது வேறு, குறையும் என்பது வேறு என்று தீர்ப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வினைச்சொல்லின் வால் எவ்வளவு தூரம் இழுத்துப்போகிறது பாருங்கள். புதிதாக வரும் கமிஷனர்களுக்கு நான் முதலில் சொன்னது இந்த வழக்கைத்தான். “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது காரணமாகாது. “ஊரில் எல்லோரும் எதிர்க்கிறார்கள்” என்பதும் ஆகாது. எந்த விதி, எந்த ஆதாரம், ஏன், இந்த மூன்றும் தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

இப்படிச் சொன்னால் வக்கீல் வேலை மாதிரி தெரியும். ஆனால் இதில் சாமானிய மனிதனுக்குப் பெரிய நன்மை இருக்கிறது. செல்வாக்குள்ளவர் வந்தாலும் அதே விதியைப் படித்துத்தான் காரணம் எழுத வேண்டும். உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 1953-ல் வந்த பிரவுன் சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். ஏழு பேர் கமிஷனில் நான்கு பேர் தனியாகக் கூடி, முடிவுக்கு வரவேண்டிய விஷயத்தைப் பேசக்கூடாது. ஒருவர் இன்னொருவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று சங்கிலியாகப் பேசுவதும் கூடாது. இன்னொரு மாநிலச் சட்டப்படி, ஏதாவது ஒரு விவகாரத்தில் சொந்தப் பண லாபம் இருந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன், என் வீட்டுக்குப் பக்கத்து மனைகள் வந்தபோது.

இப்போது கசப்பான பகுதி. கமிஷன் கேட்பது வந்தவர்களின் குரலை மட்டும்தான். யார் வருகிறார்கள்? பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் திட்டக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, பேசியவர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பேசியவர்கள் ஊரின் சராசரியைவிட வயது கூடியவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், நெடுநாளாக இருப்பவர்கள். புது வீடுகள் கட்டுவதைப் பெரும்பாலோர் எதிர்த்தார்கள்.

இதை நான் நேரிலேயே பார்த்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடித் திட்டம் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் பேச்சு. ஒருவர்கூட ஆதரவாகப் பேசவில்லை. எதிரிலேயே 48 வாடகை வீடுகள் கொண்ட கட்டடம் இருந்தது, அங்கிருந்து ஒருத்தர் வரவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் திட்டத் துறையில் போய் அறிவிப்பு அனுப்பிய முகவரிப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். அந்த 48 வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கடிதம். அதுவும் வேறொரு மாநிலத்தில் இருக்கும் உரிமையாளர் பெயருக்கு. விதி அப்படித்தான் இருந்தது: மனையிலிருந்து 300 அடிக்குள் இருக்கும் சொத்துகளின் உரிமையாளருக்குக் கடிதம் போக வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். குடியிருப்பவருக்கு அனுப்பச் சொல்லவில்லை. அனுப்பாதே என்றும் சொல்லவில்லை. கமிஷன் கேட்டுக்கொண்டதன்பேரில், அதற்கப்புறம் எங்கள் ஊரில் ‘குடியிருப்பவர்’ என்று போட்டு ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கடிதம் போக ஆரம்பித்தது. ஆன செலவு தபால்தலை மட்டும்தான். எட்டு வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உள்ளே வர முடியாதவர்களை மறந்த திட்டமிடலுக்கு வரலாறு இருக்கிறது. 1910-ல் பால்டிமோர் நகரம் கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் வீடு எடுக்கலாம் என்று சட்டமே போட்டது. லூயிவில் நகரத்தின் அதே மாதிரியான சட்டத்தை 1917-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அப்படியும் பிரிவினை போகவில்லை. 1926-ல் ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் ஊர் வழக்கில் சோனிங் முறை மொத்தமாகச் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில், தனி வீடுகள் இருக்கும் பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடம் அங்கிருக்கும் நல்லதை உறிஞ்சும் ஒட்டுண்ணி மாதிரி என்று எழுதியிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிய அந்தப் பார்வையை ஒவ்வொரு விசாரணையிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருக்கிறேன். பேசுபவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே, அன்று வராத குடும்பங்களுக்கும் இடம் விடுவதுதான் கமிஷனர் வேலையிலேயே கஷ்டமானது.

மாநிலங்களும் சும்மா இல்லை. கலிஃபோர்னியாவில் 2019-ல் வந்த சட்டப்படி, விதிகளுக்கு உட்பட்ட ஒரு வீட்டுத் திட்டத்துக்கு ஐந்து விசாரணைகளுக்கு மேல் நடத்தக்கூடாது. சில வகைத் திட்டங்களுக்குக் கமிஷன் முன்னால் வரவே தேவையில்லை, விதிப்படி இருந்தால் அதிகாரியே அனுமதி தந்துவிடுவார். கமிஷனர்களில் பலருக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாகச் சண்டை போடுவதைவிட, திட்டமும் விதியும் எழுதும்போதே ஊரைக் கூட்டிப் பேசிவிடுவது நல்லது. மினியாபொலிஸ் அப்படித்தான் செய்தது. தனி வீடு மட்டும் என்றிருந்த பகுதிகளில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்பதை நகரத்தின் நீண்டகாலத் திட்டத்திலேயே வைத்து 2018 டிசம்பரில் மன்றம் நிறைவேற்றியது. அதற்கு முன் நீண்ட காலம் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஒரிகனில் 1973-ல் வந்த நில உபயோகச் சட்டத்தின் வழியாக உருவான மாநிலக் குறிக்கோள்களில் முதலாவதே குடிமக்கள் பங்கேற்புதான். ஆரம்பத்தில் கேட்டால் கருத்து. கட்டட வரைபடம் முடிந்த பிறகு கேட்டால் வெறும் கோபம்.

அதனால் உங்கள் ஊர்க் கமிஷன் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால், சண்டை நடக்கும் விசாரணைக்குப் போகாதீர்கள். ஜெனரல் பிளான் திருத்தும் பயிலரங்கம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் எங்கே நடக்கிறது, மாலை எத்தனை மணிக்கு, மொழிபெயர்ப்பவர் இருக்கிறாரா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா. எங்கள் ஊரில் நகரமன்றக் கூடத்தை விட்டுவிட்டு ஒரு தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடத்தினோம். பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து, பிள்ளைகள் கையிலும் ஸ்டிக்கர் கொடுத்தோம். பள்ளிக்கு நடந்துபோகும் வழியில் நடைமேடையே இல்லாத ஒரு பகுதி எங்கே இருக்கிறது என்று ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டினாள். அந்த இடம் நகரத்தின் நடைமேடைப் பட்டியலில் இல்லை.

கடைசியாக, உங்களால் இதில் சேர முடியுமா? முடியலாம். பெரும்பாலான ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை விண்ணப்பம் கேட்பார்கள். நேர்காணல் இருக்கும், மேயரோ மன்றமோ நியமிக்கும். படிப்புத் தகுதி எதுவும் பெரும்பாலும் கேட்பதில்லை. குடியுரிமை பற்றிக் கேட்டால், நியமனப் பதவிக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம் என்ற தடையை கலிஃபோர்னியா 2019-ல் நீக்கியது. இருந்தாலும் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும் என்று தங்கள் விதியில் வைத்திருக்கும் நகரங்கள் உண்டு. நகரச் செயலர் அலுவலகத்தில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு கூட்டங்களுக்காவது போய்க் கடைசி வரை உட்காருங்கள். உங்கள் தெருவைப் பற்றிய விஷயம் முடிந்ததும் எழுந்து வராதீர்கள். கூட்டக் கோப்பு இணையத்தில் இருக்கும், ஏதாவது ஒரு திட்டத்தின் அறிக்கையை முழுசாகப் படியுங்கள். அப்புறம் அந்த மனைக்கு நேரில் போங்கள், அங்கே பிரச்சினை வரக்கூடிய நேரமாகப் பார்த்துப் போங்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் காலை எட்டு மணிக்கு. காபிக் கடை என்றால் இருட்டிய பிறகு.